பரீட்சைக்கு முகங்கொடுத்தல்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துருவம்)



இன்றைய மாலைப்பொழுதில் எமக்குத் தரப்பட்ட விஷயம் பரீட்சை. சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்த பெரியோர் சிலரின் முகத்தில் சிறிது ஏமாற்றம் தெரிகின்றது. இளைஞரின் முகத்திலோ வேறு கலக்கம். வீட்டிலும் பள்ளியிலும் ரியூட்டரியிலும் கேட்டுக் களைத்த சொல்லை இங்கேயும் வந்து கேட்கவேண்டியிருக்கின்றதே என்று எண்ணுகிறார்கள் போலும். ஆகையால் "கஷ்டப்பட்டுப் படியுங்கள்" என்ற புத்திமதியை நாம் சொல்லப்போவதில்லை. அதனைச் சொல்லுவதற்கு ஊரில் ஆட்கள் நிறைய உண்டு.

படியாதவன் தவறுவதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கொப்பி முழுவதையும் நாலு தரம் வாசித்து, முக்கியமான இடமெல்லாம் மஞ்சள் மை பூசி, பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டதும் "எல்லாம் படித்ததுதான், ஒன்றும் வருகுதில்லையே" என்று தவிக்கின்றானே, அவனைப் பற்றியே நமக்குக் கவலை. அவன் சோம்பேறி அல்லன். மந்தபுத்தி உள்ளவனும் அல்லன். ஆனால் பெறுபேறு வந்தவுடன் அவ்விரு பெயரும் அவனுக்குச் சூட்டப்படுகின்றன. அவனும் அதை நம்பிவிடுகின்றான். அதுதான் கொடுமை.

குறை எங்கே உள்ளது? வாசித்தல் வேறு, நினைவிலிருந்து எடுத்தல் வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை. நம் பிள்ளை பழகுவதோ முதலாவதை. கிணற்றங்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு அள்ளும் பழக்கம் எப்படி வரும்?

1885ஆம் ஆண்டில் எபிங்கௌஸ் என்ற ஜேர்மானிய அறிஞர் மறதியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே பாடமாக்கி, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்து போகின்றது என்று தம்மையே சோதித்துக் கணக்கெடுத்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது; ஒரு நாள் கழிய ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பொருள் உணர்ந்து படித்த பாடம் இவ்வளவு விரைவாக ஓடிவிடாது என்பது உண்மைதான். எனினும் மறதியின் போக்கு அதுவே: முதலில் வேகமாக, பின்பு மெதுவாக.

இன்னொரு சோதனை 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணாக்கருக்கு ஒரு வாசிப்புப் பகுதியைக் கொடுத்தனர். ஒரு சாரார் அதனை இரண்டு முறை வாசித்தனர். மற்றச் சாரார் ஒருமுறை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, வாசித்தவர்கள் 81 சதவீதத்தையும் எழுதியவர்கள் 75 சதவீதத்தையும் நினைவுகூர்ந்தனர். வாசித்தவனே வென்றான் என்று தோன்றுகின்றதல்லவா? ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 42க்கு இறங்கிவிட்டனர்; எழுதியவர்கள் 56இல் நின்றனர். நம் பிள்ளை ஏமாறுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். வாசித்து முடித்தவுடன் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். பரீட்சை அந்த ஐந்தாவது நிமிடத்தில் நடப்பதில்லையே!

இது வெளிநாட்டார் புதிதாகக் கண்ட செய்தி என்று எண்ண வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்தைப் பாருங்கள். நாவலர் பெருமான் காண்டிகையுரை செய்த நூல் அது. நம் பெரியோரில் சிலர் அதனை முறையாகப் பாடங்கேட்டிருப்பார்கள். ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கல்வியில் காற்பங்குதான் என்கிறார் முனிவர். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வருமாம். எஞ்சிய அரைப்பங்கோ, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். பாதிப்பங்கை எதற்கு வைத்தார் பாருங்கள்! இன்று ரியூட்டரியில் இருநூறு பேர் நடுவே இருந்து எழுதிக்கொண்டு வருவது அந்த முதற் காற்பங்கு மட்டுமே. ஒரு ரியூட்டரி போதாதென்று மூன்று ரியூட்டரிக்கு ஓடினாலும், அதே காற்பங்கை மூன்று தரம் வாங்குகின்றோமேயன்றி மற்ற முக்காற்பங்கைத் தொடவில்லை.

ஆகவே செய்யவேண்டியது இது. ஓர் அலகைப் படித்தவுடன் கொப்பியை மூடுங்கள். வெறுந்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையால் சேருங்கள். அந்தச் சிவப்புத்தான் நாளைக்குப் படிக்கவேண்டிய பாடம். கறுப்பை மீண்டும் வாசிப்பது காலவிரயம். மறுநாள் ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். ஒரே இரவில் நாலு தரம் செய்வதைவிட நாலு நாளில் நாலு தரம் செய்வது நிற்கும். முதலில் மிகவும் எரிச்சலாக இருக்கும். எழுத எழுத ஒன்றும் வராது. வாசிப்பதுதான் சுகம் என்று மனம் சொல்லும். அதற்கு இணங்க வேண்டாம்.

கணக்குப் படிப்போர்க்கு ஒரு வார்த்தை. ஒரே வகைக் கணக்கை இருபது தரம் செய்துவிட்டு அடுத்த வகைக்குப் போவது வழக்கம். பரீட்சையில் கணக்குகள் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எந்த வழியால் செய்வது என்று தெரிந்தெடுப்பதே பாதி வேலை. ஆகையால் பழைய அலகுகளையும் கலந்து செய்து பழகுங்கள்.

இனி வினாக்களின் வகைக்கு வருவோம். எல்லா வினாவுக்கும் ஒரே விதமாகப் படிப்பதும் ஒரே விதமாக எழுதுவதும் நம்மிடையே உள்ள பெருங்குறை.

பல்தேர்வு வினாவைச் சுலபமென்று எண்ணுவோர் பலர். சாதாரண தரத்தில் பெரும்பாலான பாடங்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் 40 வினா. அதாவது வினாவொன்றுக்கு ஒன்றரை நிமிடம். உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலில் இரண்டு மணித்தியாலத்தில் 50 வினா. ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் சிறிதும். தெரிந்ததை முதற்சுற்றில் முடித்துவிட்டு, தடக்குவதைக் குறியிட்டுக் கடந்து போகவேண்டும். ஒரு வினாவோடு ஆறு நிமிடம் மல்லுக்கட்டுகிறவன், கடைசிப் பக்கத்தில் தனக்காகக் காத்திருக்கும் நாலு சுலபமான வினாக்களை இழந்துவிடுகின்றான். தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடலாகாது. ஐந்து விடைகளில் மூன்றைத் தள்ளிவிட முடிந்தால், எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தெரிவது குருட்டாட்டம் அன்று; அரைவாசி அறிவு.

வினாவில் "தவறானது", "அல்லாதது" என்ற சொல்லைக் கண்டால் உடனே அதன் கீழ் கோடிடுங்கள். இரசாயனவியலில் நான்கு கூற்றுக்களைத் தந்து, எவை சரியென்று கேட்கும் வினாக்கள் உண்டு. முதலிரண்டு மட்டும் சரியாயின் ஒன்று, இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் சரியாயின் இரண்டு என்று போய், வேறு எந்தச் சேர்க்கையானாலும் ஐந்து என்று முடியும். மூன்று கூற்றுச் சரியென்று கண்ட பிள்ளை, "அப்படி ஒரு விடை இல்லையே, பிழை விட்டுவிட்டேன்" என்று கலங்கித் தன் சரியான முடிவைத் தானே கெடுத்துக்கொள்கின்றது. அதற்குத்தான் ஐந்து இருக்கின்றது. அறிவுறுத்தலைப் பரீட்சை மண்டபத்தில் முதல்முறை வாசிக்கும் பிள்ளைக்கு இவ்விபத்து நேரும். வீட்டில் பத்து வினாத்தாள் செய்த பிள்ளைக்கு நேராது.

"முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று ஆசிரியர்களும் சொல்வதுண்டு. 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைச் சோதித்தது. அமெரிக்காவின் இலினோய் சர்வகலாசாலையில் 1500க்கு மேற்பட்ட மாணாக்கரின் விடைத்தாள்களில், அழித்து மாற்றிய இடங்களை எண்ணினர். மாற்றங்களில் 51 சதவீதம் பிழையிலிருந்து சரிக்குப் போனவை. 25 சதவீதமே சரியிலிருந்து பிழைக்குப் போனவை. மற்றவை பிழையிலிருந்து பிழைக்கு. மாற்றிக் கெட்டது நெஞ்சில் முள்ளாய் நிற்கின்றது; மாற்றிப் பிழைத்ததை நாம் மறந்துவிடுகின்றோம். நியாயமான காரணம் தோன்றினால் மாற்றுங்கள். ஆனால் முதலிட்ட புள்ளடியைத் தெளிவாக நீக்கிவிட்டு மாற்றுங்கள்.

கட்டுரை வினாவுக்கு நோய் வேறு. அங்கே தெரியாதவனைவிட நிறையத் தெரிந்தவனே பெரிதும் இடறுகின்றான். "1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களின் விளைவுகளை ஆராய்க" என்பது வினா என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளை ஆணைக்குழு வந்த கதையில் தொடங்கி, இராசகாரியம் ஒழிந்தது, சட்டநிரூபண சபை அமைந்தது, நாடு ஐந்து மாகாணமாயிற்று என்று சிபாரிசுகளை மூன்று பக்கம் எழுதும். எல்லாம் சரி. ஆனால் கேட்டது விளைவு. இராசகாரியம் ஒழிந்ததனால் கூலியுழைப்புக்கும் பெருந்தோட்டத்துக்கும் வழி பிறந்ததும், ஆங்கிலம் கற்ற புதிய வகுப்பொன்று தோன்றியதும் கடைசி மூன்று வரியில் ஒடுங்கிவிடும். புள்ளித் திட்டத்தில் அந்த மூன்று வரிக்குத்தான் இடமுண்டு. வரையறுக்க, விவரிக்க, ஒப்பிடுக, ஆராய்க, நிறுவுக என்பன ஒவ்வொன்றும் வேறு வேறு கட்டளைகள். எழுதத் தொடங்குமுன் மூன்று நிமிடம் குறிப்பெழுதுவதைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். இப்போது வாசிப்பதற்கென்றே பத்து நிமிடம் மேலதிகமாகத் தருகிறார்கள். அதை வினாக்களைத் தெரிவதற்குப் பயன்படுத்துங்கள். பக்கத்து மேசைக்காரன் முகத்தைப் பார்ப்பதற்கு அன்று.

நேரப்பங்கீட்டுக்கு இணைந்த கணிதம் நல்ல உதாரணம். மூன்று மணித்தியாலம், ஆயிரம் புள்ளி. முதற்பகுதியில் பத்து வினாவுக்கு 25 புள்ளி வீதம் 250. இரண்டாம் பகுதியில் ஏழில் ஐந்து வினாவுக்கு 150 வீதம் 750. கணக்குப் பார்த்தால் சிறுவினாவுக்கு நாலரை நிமிடமும் பெருவினாவுக்கு 27 நிமிடமுமே உரிமை. ஒரு பெருவினாவின் கடைசிப் படி வரவில்லையென்று அரைமணி கூடச் செலவழிப்பவன், பத்துப் புள்ளியைத் துரத்தி நூறு புள்ளியை விட்டுவிடுகின்றான். படிமுறைக்குப் புள்ளி உண்டு. ஆகவே விடை வராவிட்டாலும் வழியை எழுதி விட்டு நகரலாம். செய்முறையை ஒளித்து விடையை மட்டும் எழுதுவது கெட்டித்தனம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. பரீட்சகருக்கு ஞானதிருஷ்டி கிடையாது.

சங்கீதம், நடனம், சித்திரம் ஆகியவற்றின் செய்முறைப் பரீட்சைக்கு வழி ஒன்றுதான்: அந்நியர் முன் செய்து பழகுதல். தவணைப் பரீட்சையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். விடைத்தாள் கைக்கு வந்ததும் புள்ளியைப் பார்த்துவிட்டுச் சுருட்டி வைப்பது வழக்கம். அந்த விடைத்தாளைப் போன்ற பாடப்புத்தகம் கடையில் கிடையாது. ஒவ்வொரு பிழைக்கும், தெரியாமல் விட்டதா, வினாவைப் பிழையாக விளங்கியதா, நேரம் போதாமையா, கவனக்குறைவா என்று பக்கத்தில் எழுதி, அதற்கென ஒரு கொப்பி வைத்திருங்கள். மூன்று தவணை கழிந்தால் உங்கள் நோய் உங்களுக்கே தெரியும்.

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் வியாதி அல்ல. 2011ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த இராமிரெஸ், பைலொக் என்போர் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தையே தாளில் எழுதிவிட்டுப் போன மாணாக்கர், எழுதாதோரைவிட நன்றாகச் செய்தனர். அதிலும் அதிகம் பயந்தவர்க்கே அதிகம் பயன் கிடைத்தது. செலவில்லாத மருந்து, செய்து பார்க்கலாம். கடைசி இரவில் கண்விழிப்பதோ மருந்தும் அன்று, விரதமும் அன்று. நித்திரையில்தான் படித்தது ஊன்றுகின்றது.

பெரியோர்களே, இனிச் சொல்வது உங்களுக்கு. உங்களிற் பலர் 1990களில் மின்சாரமின்றிக் குப்பி விளக்கில் படித்தவர்கள். "அந்தக் காலத்தில் நாங்கள்..." என்று தொடங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2001ஆம் ஆண்டு முதல் சர்வகலாசாலை அனுமதி இசட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகின்றது. அது ஒரு பிள்ளையின் புள்ளியை மற்றப் பிள்ளைகளின் புள்ளியோடு வைத்து நிறுத்துச் சொல்லும் அளவேயன்றி, அப்பிள்ளையின் பெறுமதி அன்று. பெறுபேறு வெளியான அன்று, "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்று ஏயாம்" என்ற ஒரு வசனம் செய்யும் காயத்தை நீங்கள் அறியமாட்டீர்கள். அன்று பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நின்று கணக்குக் கேளாதீர்கள். சாப்பிடக் கூப்பிடுங்கள். அண்ணனோ மாமியோ யாராவது ஒருவர் அன்றிரவு பக்கத்தில் இருங்கள். உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றலாம் என்று சட்டமே இடங்கொடுக்கின்றது. வீடு ஏன் ஒரு முறையோடு தீர்ப்புச் சொல்லவேண்டும்? தொழிற்கல்விக்கும் வேறு துறைகளுக்கும் போகும் வழியைப் பற்றி, பெறுபேறு வருமுன்பே, மனம் அமைதியாக இருக்கும்போது வீட்டில் பேசிவையுங்கள்.

புலமைப்பரிசிற் பரீட்சையைப் பற்றி ஒரே வசனம்: பத்து வயதுப் பிள்ளைக்கு மாலையில் விளையாட்டு வேண்டும்.

முடிவாக, எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. நன்னூலார் சொன்ன அந்த மற்ற முக்காற்பங்குக்கு இச்சங்கம் இடங்கொடுக்கலாம் என்பது எம் கருத்து. வாசிகசாலையில் கடந்தகால வினாத்தாள்களையும் பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வாங்கி வைத்தால், சனிக்கிழமை பின்னேரங்களில் மூவர் நால்வராக அமர்ந்து, நேரம் வைத்துச் செய்து, தாள்களை மாற்றித் திருத்தி, ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லலாம். உயர்தர மாணாக்கர் சாதாரண தரத்தாருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அதனால் அதிக இலாபம் சொல்லிக் கொடுப்பவருக்கே. இளைப்பாறிய ஆசிரியர்கள் சிலரை இங்கே காண்கிறோம். மண்டபத்தில் மணி அடிக்கவும், சத்தம் போடுவோரை ஒரு பார்வையால் அடக்கவும் அவர்களைவிடத் தகுந்தவர் யார்? பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியைச் சந்திக்கலாம். மேசைகள் போதும், சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் வேண்டும்.