வலிக்காத கால்தான் ஆபத்தான கால்



கெடா தோட்டங்களில் வேலை செய்தவர்களில் செம்பனை முள் குத்தாதவர்கள் இருப்பது அபூர்வம். முள் குத்தும், பிடுங்கிப் போடுவார்கள், கொஞ்சம் தைலத்தைத் தேய்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். இப்படி வலியைப் பொறுத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆகவே "எனக்கு வலியே இல்லை" என்று சொல்வது இங்கே ஒரு பெருமை. பாலிங் தோட்டத்துத் தாத்தாவும் சொல்வார், தோட்டத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணித் தாமானில் குடியேறிய பாட்டியும் சொல்வார்.

ஆனால் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வலி வருகிறது, மனம் அதைத் தாங்குகிறது என்பது ஒன்று. வலி புறப்படவே இல்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் காலைக் கொண்டு போகிறது.

முள் குத்தியதும் கால் தானாக இழுத்துக்கொள்கிறதே, அது மூளை சொல்லி நடப்பதல்ல. செய்தி தண்டுவடத்தை எட்டிய உடனே அங்கிருந்தே கட்டளை திரும்பிவிடுகிறது. மூளைக்குத் தகவல் போவது அதற்குப் பிறகுதான். அதுவும் இரண்டு வகை நரம்பு இழைகளில் போகிறது. ஒன்று விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். "சுருக்" என்ற முதல் வலி அதில்தான் வருகிறது. மற்றது விநாடிக்கு 2 மீட்டர்கூடத் தாண்டாது. கல்லில் காலை இடித்துக்கொண்டவர் ஒரு விநாடி கழித்து "அம்மா" என்று உட்கார்வது இந்த இரண்டாவது வலி வந்து சேரும்போதுதான்.

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது என்றார்கள். இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் தொடு உணர்ச்சி முந்திக்கொண்டு போய் அந்த வாசலைப் பாதி சாத்திவிடுகிறது. விழுந்த பிள்ளையின் முட்டியைப் பாட்டி தேய்த்துவிடுவதற்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்தது. அந்தக் கோட்பாட்டின் சில விவரங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. வாசல் உண்டு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

வாசலை மேலே இருந்தும் சாத்தலாம். சுங்கைப் பட்டாணித் தைப்பூசத்தில் அலகு குத்தி நடப்பவரின் நரம்பு செத்துப் போகவில்லை, நன்றாகவே வேலை செய்கிறது. விரதமும் மேளமும் கூட்டத்தின் குரலும் சேர்ந்து மனம் ஒருமுகப்படும்போது, மூளையே கீழே ஆள் அனுப்பி வலியைத் தடுக்கிறது. உடம்பே தயாரிக்கும் வலி மருந்துகளில் ஒன்றான என்கெஃபலின் 1975-இல் கண்டறியப்பட்டது. பக்தியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். மனம் உடம்பை ஆள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனிப்பு நீர்க்காரரின் கதை வேறு. இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் நரம்பும், நரம்புக்கு உணவு கொண்டுபோகும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அவைதான் முதலில் அடிபடும். தொடக்கத்தில் பலருக்குப் பாத எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, ராத்திரியில் தூக்கமின்மை. சில வருடங்களில் எரிச்சல் நின்றுவிடலாம். "நாட்டு மருந்து கேட்டது" என்று குடும்பமே சந்தோஷப்படும். உண்மையில் அங்கே நரம்பு பேச்சை நிறுத்திவிட்டது. (சிலருக்கு எரிச்சலே வராமல் நேராக மரத்துப்போவதும் உண்டு.)

இதை உலகத்துக்குப் புரியவைத்ததில் தமிழ் மண்ணுக்குப் பெரிய பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளைக் கவனித்தார். விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே அதுவரை பலரும் நம்பினார்கள். அவர் கண்டது வேறு. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் வலிக்காது, கல் குத்தினாலும் வலிக்காது. தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பு வராது. அதனால் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது பூனையையும் கூடவே கொண்டுபோகச் சொன்னாராம்! பிறகு அமெரிக்காவில் பணியாற்றியபோது, இனிப்பு நீர் உள்ளவர்களின் பாதப் புண்ணும் இதே விதமாக வருகிறது என்று எடுத்துக்காட்டினார்.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது பத்தில் மூவர் என்ற அளவில் இருந்தது. கெடாவில் எத்தனை வீட்டில் ஜப்பான் சிலிப்பரோடு ஒரு மரத்துப்போன கால் நடமாடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் சோதனை இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஊசியும் கிடையாது. கிளினிக்கில் யாரும் செய்யாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் தினமும் இரவு பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பூட்ஸைத் தட்டி உதறிப் போட வேண்டும். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும்.

தைப்பூசத்துக்குத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கும் இனிப்பு நீர்க்காரர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்து, கொப்புளம் இருந்தால் வலிக்காவிட்டாலும் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். "வலிக்கிறதா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்பதோடு நிறுத்தாமல், அந்தக் காலில் உணர்ச்சி எப்போதிருந்து குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.