அணிவகுப்பிசை தந்த ராம்சிங் தாக்குரி



இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காகப் பகுப்பது தமிழ் மரபு. தோல் பதனிடுதலால் வாழும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்களுக்குத் தோலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தோற்கருவியின் தாளத்தோடு துளைக்கருவிகள் அணியாகச் சேர்ந்து ஒலிப்பதே படைகளின் பேண்டு இசை. கோட்டை கொண்ட வேலூருக்கும், தலைமுறை தலைமுறையாகப் படைவீரர்களைத் தந்துவரும் கம்மவான்பேட்டைக்கும் அவ்வோசை புதிதன்று. ஆயினும் அவ்விசையை ஆக்கியவர் யாவர் என வினவுவோர் மிகச் சிலரே. அவ்வாறு பெயர் மங்கிய இசைஞர்களுள் ஒருவர் கேப்டன் ராம்சிங் தாக்குரி.

இமயமலைச் சாரலில், தர்மசாலாவுக்கு அருகில், 1914 ஆகஸ்ட் 15 அன்று கூர்க்கா குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளம் பருவத்திலேயே முதலாம் கூர்க்கா படைப்பிரிவின் பேண்டில் சேர்ந்து மேலை இசையைக் கற்றார். அந்நாளில் அந்த பேண்டு முழங்கியது ஆங்கிலப் பேரரசின் பெருமையை. மலாயாப் போரில் அவருடைய படை தோற்றது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. சிறைப்பட்ட வீரர்களுள் ஒருவரான ராம்சிங், இந்திய தேசிய ராணுவத்தில் இணைந்தார். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபின், அப்படையின் இசைப்பணி அவர் கையில் வளர்ந்தது. பேரரசு கற்பித்த கலை, பேரரசை எதிர்க்கும் படைக்குத் துணையாயிற்று.

வன்ஷிதர் சுக்லா இயற்றிய 'கதம் கதம் படாயே ஜா' என்னும் பாடலுக்கு ராம்சிங் இசையமைத்தார். அணிவகுப்பிசை அமைப்பது எளிய செயலன்று. நடையின் வேகம் தாளத்தைக் கட்டுப்படுத்தும். நடந்துகொண்டே ஊதுபவனுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். ஒவ்வொரு கருவியின் எல்லைக்கும் ஏற்பத் தனித்தனியே சுரம் எழுத வேண்டும். இவ்வளவும் செய்தபின், கேட்பவன் காதில் அது எளிய பாட்டாகவே விழ வேண்டும்.

அப்படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் பலர் இருந்தனர். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையிலும் தமிழ்ப் பெண்கள் இருந்தனர். பாடலின் இந்துஸ்தானி அவர்களுக்குத் தாய்மொழியன்று. மொழி தடுத்த இடத்தில் மெட்டு வழிவிட்டது.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நமது நாட்டுப்பண்ணின் மெட்டே ராம்சிங் அமைத்ததெனச் சிலர் எழுதியுள்ளனர். அப்பண் இரவீந்திரநாத் தாகூருடையது. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் அது பாடப்பெற்றது. 1919இல் தாகூர் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோது, மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதன் சுரக்குறிப்பை எழுதினார். வேலூருக்கு வடமேற்கே உள்ள அவ்வூர் நமக்குத் தொலைவானதன்று. போஸின் இடைக்கால அரசு அப்பண்ணைத் தழுவி 'சுப் சுக் செயின்' என்னும் பாடலைத் தனக்கு நாட்டுப்பண்ணாக்கியபோது, அதற்கு இசைக்குழு வடிவம் தந்தவரே ராம்சிங். தாகூரின் புகழை எடுத்து அவருக்குச் சூட்டுதல் முறையன்று. அவருக்கு அது தேவையுமன்று. பிறர் மெட்டைப் படையின் மூச்சுக்கு இசைவாக்குவதும் படைப்புத் தொழிலே.

விடுதலைக்குப்பின் உத்தரப் பிரதேச ஆயுதக் காவல்படையின் பேண்டில் அவர் பணியாற்றினார். 2002 ஏப்ரல் 15 அன்று இலக்னோவில் மறைந்தார். அவர் அமைத்த மெட்டு, இந்தியத் தரைப்படையின் அணிவகுப்புகளில் இன்றும் முழங்குகிறது. அடியெடுத்து வைப்போர் பல்லாயிரவர். அவர் பெயரறிந்தோர் சிலர்.

கவிஞன் பெயரை முத்திரையடியில் காத்தது நம் இலக்கியம். ஊதியும் முழக்கியும் ஓர் இனத்தின் நடையை நிமிர்த்திய இசைஞர்களின் பெயரையும் காத்தல் இலக்கிய அவைகளின் கடன். திருமண ஊர்வலத்தில் வியர்வை வழியக் கிளாரினெட் ஊதும் நம்மூர்க் கலைஞரிடம் அவர் பெயரைக் கேட்டறிவதில் அக்கடன் தொடங்கட்டும்.