விளையாட்டின் நடுவே அணையும் திரை

கணினியில் ஒரு விளையாட்டு விறுவிறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று கறுத்துவிடுவதும், ஒலி ஒரே துணுக்கில் சிக்கித் திரும்பத் திரும்பக் கேட்பதும், சில வேளைகளில் கணினியே தானாக அணைந்து மீண்டும் தொடங்குவதும் இன்று பல வீடுகளில் காணப்படும் தொல்லைகளாகும். இவ்வாறு நிகழ்ந்தவுடன் பெரும்பாலோர், கடைகளில் கிராபிக்ஸ் கார்டு என வழங்கப்படும் வரைகலை அட்டை பழுதாகிவிட்டது என்னும் முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அம்முடிவு சரியாக அமைவதும் உண்டு. ஆயினும், பழுது வெளிப்படும் இடமும் அது பிறக்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் கணினியில் இல்லை என்பதையும், பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வேறு அட்டை வாங்குவதற்கு முன் அதற்கு மின்சாரம் வந்துசேரும் வழியை ஆராய்வதே முறை என்பதையும் எடுத்துரைப்பது இவ்வுரையின் நோக்கமாகும்.

கடிதம் தட்டச்சு செய்யும்போதும் திரைப்படம் பார்க்கும்போதும் குறையின்றி இயங்கும் அட்டை விளையாட்டில் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது என்னும் கேள்வி இங்கு எழும். வரைகலை அட்டையின் நடுவில் அமைந்துள்ள, ஜிபியு எனப்படும் சில்லு, ஒரே வகையான கணக்குகளை ஆயிரக்கணக்கான சிறு அலகுகளில் ஒரே நேரத்தில் செய்து முடிக்கும்படி உருவாக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3080 அட்டையில் இத்தகைய அலகுகள் 8,704 உள்ளன. அவ்வட்டைக்கு வரையறுக்கப்பட்ட மின்தேவை 320 வாட். எளிய வேலைகளின்போது இவ்வலகுகளுள் பெரும்பகுதி ஓய்ந்திருக்க, விளையாட்டு தொடங்கியதும் அவை அனைத்தும் ஒருசேர விழித்தெழுகின்றன. ஒவ்வொரு காட்சிச் சட்டத்தையும் வரையும்போது சுமை ஏறுவதும், அடுத்த சட்டத்திற்குக் காத்திருக்கும்போது இறங்குவதுமாக, ஒரு விநாடிக்குள் பல பத்து முறை மின்தேவை அலைபாய்கிறது. ஆகவே மற்ற வேலைகளில் மறைந்துகிடக்கும் குறை விளையாட்டின்போது மட்டும் வெளியே வருவதில் வியப்பில்லை.

அடுத்து அறிய வேண்டியது, கணினி எவ்வாறு நின்றது என்பதாகும். ஏனெனில் நிற்கும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. திரை சில நொடிகள் கறுத்து, பின்னர் விளையாட்டு மட்டும் மூடப்பட்டு, விண்டோஸ் முகப்புத் திரை திரும்ப வருமாயின், அது பெரும்பாலும் டிடிஆர் என்னும் காவல் ஏற்பாட்டின் செயலாகும். விண்டோஸ் விஸ்டா பதிப்பில் அறிமுகமான இவ்வேற்பாட்டின்படி, வரைகலைச் சில்லு தனக்கு இடப்பட்ட பணியில் சிக்கி, அதை நிறுத்திவைக்குமாறு இடப்படும் ஆணைக்கு 2 விநாடிக்குள் இணங்காவிட்டால், அது உறைந்துவிட்டதாகக் கருதி, சில்லையும் அதன் டிரைவரையும், அதாவது இயங்குதளத்திற்கும் அட்டைக்கும் இடையே நின்று பேசும் மென்பொருளையும், இயங்குதளம் தானே மீளத் தொடங்கச் செய்கிறது. முகப்புத் திரை பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அட்டையின் நினைவகத்தில் விளையாட்டு அடுக்கிவைத்திருந்தவை அனைத்தும் அழிந்துவிடுவதால், பெரும்பாலான விளையாட்டுகள் அதற்குமேல் தொடர இயலாமல் மூடிக்கொள்கின்றன. ஒரே நிமிடத்திற்குள் ஆறாம் முறையும் இவ்வாறு நேர்ந்தால், மீட்கும் முயற்சியைக் கைவிட்டு விண்டோஸ் நீலத்திரையைக் காட்டிவிடும்.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 2 விநாடி வரம்பை, ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டில் மாற்றிப் பத்தாகக் கூட்டிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்னும் அறிவுரை பரவலாக வழங்குகிறது. அவ்வமைப்பு சோதனைக்காக மட்டுமே வைக்கப்பட்டது என மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கூறுகிறது. உண்மையிலேயே உறைந்துபோன சில்லுக்குக் கூடுதல் நேரம் தருவதால், கறுத்த திரையை மேலும் சில விநாடிகள் பார்த்திருப்பதைத் தவிர வேறு பயனில்லை.

இதற்கு மாறாக, நீலத்திரையோ அறிவிப்போ ஏதுமின்றிக் கணினி முழுவதும் ஒரே கணத்தில் அணைந்து மீண்டும் தொடங்குமாயின், மின்சாரத்தின் பக்கமே முதலில் திரும்ப வேண்டும். விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால், முதல்வகை நிகழ்வு பெரும்பாலும் 4101 என்னும் எண்ணோடும், இரண்டாம் வகை 41 என்னும் எண்ணோடும் பதிவாகியிருக்கும். 41 என்னும் எண், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே சொல்லும். ஊரில் மின்வெட்டு நேர்ந்தாலும் அதே எண்தான் பதிவாகும் என்பதால், அதைச் சான்றாகக் கொள்ளலாமே தவிரத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

மின்சாரம் பற்றிய பகுதி சற்று விரிவாகவே சொல்லப்பட வேண்டியது. மதர்போர்டில் அட்டை செருகப்படும் பள்ளம் அதற்கு அதிக அளவாக 75 வாட் தர வல்லது. அதற்குமேல் வேண்டியதை, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வரும் தனிக்கம்பிகள் தருகின்றன. ஆறு முள் இணைப்பு 75 வாட்டுக்கும், எட்டு முள் இணைப்பு 150 வாட்டுக்கும் வரையறுக்கப்பட்டவை. எண்களைக் கூட்டிப் பார்த்து 320 வாட் அட்டைக்கு இரண்டு எட்டு முள் இணைப்புகள் போதுமென முடிவு செய்வது எளிது. ஆனால் அந்த 320 என்பது சராசரி அளவு. காட்சி மாறும் நொடியின் மிகச் சிறு கூறுகளில் அட்டை அதைவிட மிகுதியான மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். மிக்ஸியை ஓட்டியதும் அதே இணைப்பில் எரியும் விளக்கு ஒரு கணம் மங்குவதைப் போல, இந்தத் திடீர் இழுப்பில், அட்டைக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் தடத்தின் மின்னழுத்தம் சரிகிறது. அத்தடத்திற்கு வழக்கமாக அனுமதிக்கப்பட்டுவந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஐந்து, அதாவது 11.4 வோல்ட் முதல் 12.6 வோல்ட் வரை. இழுப்பு எல்லை மீறினால் மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு முற்றிலும் அணைந்துவிடும். எல்லை மீறாமல் அழுத்தம் மட்டும் சரிந்தால், சில்லு தவறாகக் கணக்கிட்டு உறைந்துபோகும். அட்டையின் பழுது எனத் தோன்றும் இவ்விரண்டிலும் அட்டையின் குற்றம் எதுவுமில்லை.

இச்சிக்கலின் கடுமையை உணர்ந்தே, 2022-ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 என்னும் மின்வழங்கி வரையறை, 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள் தம் அளவைப்போல் இருமடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடி வரை தாங்கி நிற்க வேண்டும் என விதித்தது. மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அத்துணைச் சிறு பொழுதில் நிகழ்வதைச் சாதாரண அளவுகோல் மென்பொருள் எதுவும் காட்டாது என்பதால்தான், எல்லா எண்களும் சரியாக இருக்கின்றனவே, பின் ஏன் அணைகிறது என்று பலர் குழம்புகின்றனர்.

பழுது நீக்குவோர் மேசையில் அடிக்கடி நிகழும் ஒன்று இதனோடு தொடர்புடையது. வீட்டில் கால்மணி நேரம்கூடத் தாங்காத அட்டை, கடைக்குக் கொண்டுவரப்பட்டு அங்குள்ள கணினியில் செருகப்பட்டதும், பகல் முழுவதும் பிசகின்றி ஓடுகிறது. உரிமையாளர் நிம்மதியோடு எடுத்துச் சென்று அன்றிரவே மீண்டும் அதே தொல்லையோடு திரும்புகிறார். கடையில் மாறியது அட்டையன்று, மின்வழங்கியும் கம்பியும் அறையின் வெப்பமும் ஆகும். இத்தகைய வழக்குகள் சிலவற்றில் வீட்டுக் கணினியைத் திறந்து பார்த்தால், அட்டையின் இரண்டு எட்டு முள் துளைகளுக்கும் ஒரே கம்பியின் இரு கிளைகள் செருகப்பட்டிருப்பதைக் காணலாம். இரு துளைகளுக்கும் மின்வழங்கியிலிருந்து தனித்தனிக் கம்பி இழுத்துச் செருகியதும், வேறு செலவு ஏதுமின்றி அடங்கிப்போகும் தொல்லைகள் பல.

இணைப்பு முழுவதும் உள்ளே சென்று பூட்டிக்கொண்டதா என்பதும் அற்பமான செய்தியன்று. 600 வாட் வரை ஒரே செருகியில் தரும் 16 முள் இணைப்பு வந்த பின்னர், 12 வோல்ட் அழுத்தத்தில் அந்த 600 வாட்டுக்கு 50 ஆம்பியர் மின்னோட்டம் ஆறு சோடி முட்களின் வழியே பாய வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் வெளியான ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில் அச்செருகி உருகிய நிகழ்வுகள் உலகெங்கும் பேசப்பட்டன. செருகி முழுமையாக உட்செல்லாதது பொதுவாகக் காணப்பட்ட ஒரு காரணம் என என்விடியா விளக்கியது. அடுத்த ஆண்டில் திருத்தப்பட்ட வடிவில், முழுமையாகச் செருகாவிட்டால் அட்டை இயங்காதிருக்கும் பொருட்டு இணைப்பை உணரும் அதன் சிறு முட்களின் நீளம் குறைக்கப்பட்டது. கணினியை அணைத்து, மின்சுவிட்சையும் நிறுத்திய பின், செருகியை ஒருமுறை கழற்றி அழுத்திப் பொருத்துவது எவருக்கும் இயலக்கூடியதே.

அட்டையின்மீதே குறை இருக்கும் நிலைக்கும் 2020-ஆம் ஆண்டின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு செப்டம்பர் 17 அன்று விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3080 அட்டைகள் பல, கடிகார வேகம் ஏறத்தாழ 2 கிகாஹெர்ட்சைத் தொட்டபோது நின்றுபோயின. சில்லின் பின்புறத்தில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் மின்தேக்கிகளின் வகையைப் பலர் காரணமாகக் காட்டினர். இவிஜிஏ என்னும் தயாரிப்பு நிறுவனம் தன் சோதனையில் அவ்வமைப்பில் குறை கண்டு, பல அடுக்குப் பீங்கான் மின்தேக்கிகளைச் சேர்த்து மாற்றியமைத்ததாக அறிவித்தது. அம்மாத இறுதியில் என்விடியா வெளியிட்ட 456.55 என்னும் டிரைவரை நிறுவியதும், வன்பொருளில் எதுவும் மாற்றப்படாமலேயே பெரும்பாலான அட்டைகள் அமைதியாயின. மின்சாரம், கடிகார வேகம், மென்பொருள் ஆகிய மூன்றும் எத்துணை நெருங்கிப் பிணைந்தவை என்பதை இது காட்டுகிறது. இதிலிருந்து ஓர் எளிய சோதனையும் கிடைக்கிறது: ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் அட்டையின் மின்வரம்பை நூற்றுக்கு எழுபது அல்லது எண்பதாகக் குறைத்து விளையாடிப் பார்த்தால், தொல்லை மறையுமாயின் ஐயம் மின்வழங்கி அல்லது வெப்பத்தின்மீது விழும்; வரம்பைத் தொடாமல் கடிகார வேகத்தை மட்டும் சற்றுத் தாழ்த்தியதும் மறையுமாயின், சில்லின் நிலைப்புத் தன்மையே ஐயத்துக்குரியது.

நேரம் கருதி மற்றவற்றைச் சுருக்கமாகவே கூற வேண்டியுள்ளது. கத்திரி வெயிலில் அறையின் வெப்பமே 38, 40 செல்சியசை எட்டும் நம் ஊர்களில், தூசி படிந்த விசிறியும் சில்லின் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவதும் சில்லை விரைவில் எல்லைக்குக் கொண்டுசெல்லும். சில்லின் வெப்பம் இயல்பாகத் தோன்றும்போதே அருகிலுள்ள நினைவகச் சில்லுகள் நூறு செல்சியசைத் தாண்டியிருக்கக்கூடும் என்பதால் அவ்வளவையும் தனியே பார்க்க வேண்டும். திரையில் வண்ணப் புள்ளிகளும் கட்டங்களும் சிதறித் தோன்றினால் அட்டையின் நினைவகத்தை ஐயுறலாம். டிரைவரைப் பொறுத்தவரை, பழையதன்மீதே புதியதை நிறுவாமல், முற்றிலும் நீக்கிய பின் நிறுவுவது நல்லது.

இறுதியாக, அட்டை முற்றிலும் குற்றமற்றதாக நின்ற ஒரு வழக்கையும் குறிப்பிட வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளைக் கொண்டிருந்த பலருக்கு, சில விளையாட்டுகள் வரைகலை நினைவகம் போதவில்லை என்னும் அறிவிப்போடு நின்றுபோயின. தாராளமான நினைவகம் கொண்ட அட்டைகளிலும் அவ்வறிவிப்பு வந்ததால் குழப்பம் பெருகியது. விளையாட்டுக் கோப்புகளை விரிக்கும் கடும் பணியில் செயலி பிழையாகக் கணக்கிட்டதும், அப்பிழை வரைகலையின் பெயரில் வெளிப்பட்டதும் பின்னர் தெளிவாயின. செயலி வரம்புக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதே அடிப்படைக் காரணங்களுள் ஒன்றென 2024-இல் அறிவித்த இன்டெல், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியே திருத்தம் வழங்கி, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. எழுத்தில் தெளிவாகத் தோன்றும் பிழைச் செய்தியும் முதற்சான்று மட்டுமே என்பதை இதனால் அறியலாம்.

ஆதலால், நின்ற விதத்தைக் குறித்துக்கொள்வது, நிகழ்வுப் பதிவேட்டைப் பார்ப்பது, கம்பிகளைச் சரிசெய்வது, மின்வரம்பைக் குறைத்துச் சோதிப்பது, அதன் பின்னரே வெப்பம், டிரைவர், வேறு கணினியில் மாற்றிச் செருகுதல் ஆகியவற்றுக்குச் செல்வது என்னும் வரிசையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை நேயர்களுக்கு வாய்க்குமாயின், குற்றமற்ற அட்டைகள் பல பழைய பொருட்களோடு சேராமல் தப்பும். உண்மையிலேயே பழுதான அட்டையும் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் உரிய இடத்துக்குச் சென்றுசேரும்.