முதுகு நோவும் நம் கையிலுள்ள மருந்தும்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இடுப்பு நோவு, கழுத்து நோவு, முழங்கால் கடுப்பு எதுவும் இல்லாதவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். சிரிக்கிறீங்க! நானும் பதினெட்டு வருசம் கொழுந்துக்கூடை சுமந்தவள்தான். கூடைக்கயிறு தலையை இழுக்கும். கழுத்தில் தொடங்கித் தோள்வரை உளையும்.

அந்த நாளில் நான் செய்த பிழையை முதலில் சொல்லுறேன். கடையில் நோவுக் குளிசை வாங்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு மலைக்குப் போவேன். இரண்டு வருசம் இப்படியே போனது. ஒருநாள் வெளிக்குப் போனது தார் மாதிரிக் கறுப்பு. தலைசுற்றி நிரையிலேயே விழுந்தேன். வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிந்திருக்கிறது. டைக்குளோபெனாக், இபுபுறூபன் போன்ற குளிசைகளை டொக்டரைக் கேளாமல் நாள்கணக்கில் எடுத்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும். பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோவு என்கிறார்கள். புதுக்காயம் வலித்தால் ஓய்வு வேண்டும். நாட்பட்ட நோவு அப்படியல்ல. வலி கூடும் ஒவ்வொரு நாளும் உள்ளே ஏதோ முறிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பயந்து அசையாமல் படுத்தால் தசை தளரும், நோவு கூடும். 2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்பு நோவுக்கு உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்தது. இடுப்புப்பட்டியை வழக்கமான வைத்தியமாகச் சிபாரிசு செய்யவில்லை.

"மலை ஏறி இறங்குறோமே, அது போதாதா?" என்று ஓர் அக்கா கேட்டாங்க. போதாது. வேலையில் முன்பக்கமே குனிகிறோம். ஆகவே பிரட்டுக்களத்தில் நிற்கும்போதே தோளைப் பத்துத்தரம் சுழற்றுங்க. இடுப்பில் கைவைத்து ஐந்துதரம் மெதுவாகப் பின்னால் சாயுங்க. நிரை முடியும்போது திரும்பச் செய்யுங்க. கூடை முட்ட நிறையுமுன் கொட்டுங்க.

இன்னொன்று. நோவு குறைந்த நாளில் கைக்காசுக் கொழுந்தும் எடுத்து, விறகும் வெட்டி, தண்ணியும் சுமந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் பேர் போய்க் கிடக்கிறோம். நல்ல நாளிலும் அளவோடு, கெட்ட நாளிலும் கொஞ்சமாவது நடமாட்டம். இதுதான் என்னைக் காப்பாற்றிய வழி.

ஆனால் தனியாக ஒருத்தியால் இது முடியாது. நோவு கண்ணுக்குத் தெரியாது. "வேலைக்கள்ளி" என்று வீட்டிலேயே சொன்னால் அவள் வாய்திறக்காமல் குளிசைக்குத்தான் போவாள். அண்ணன்மாரே, தண்ணிக்குடத்தை நீங்க தூக்குங்க. கங்காணிமாரே, கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற பயம் இருக்கும்வரை யாரும் இடுப்பை நிமிர்த்தமாட்டாங்க. இரண்டு நிமிசம் கொடுங்க.

கால் மரத்துப் பலம் குறைந்தால், ஒன்றுக்கு இரண்டுக்கு அடக்கமுடியாமல் போனால், காய்ச்சலோடு நோவு வந்தால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நோவு முழுசாய்ப் போய்விடும் என்று பொய் சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது குளிசை இல்லாமல் என் பேரப்பிள்ளையைத் தூக்குறேன். அது போதும்.