துரை பங்களாவுக்கு வழி எது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

ஒரு பெரிய கம்பெனியின் தலைமை நாற்காலியில் உட்காருவது யார்? திறமைசாலி என்பீர்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதியை அந்த நாட்டின் கல்விமுறை தீர்மானிக்கிறது.

தூரம் போக வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்து ஜொகூர்த் தோட்டத்தையே நினைத்துப் பாருங்கள். துரை சீமையில் படித்துக் கப்பலேறி வந்தவர். கிராணி பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். பால்மரம் வெட்டியவரின் பிள்ளைக்கோ தோட்டத்துப் பள்ளி. 10 பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று மலாயாவில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது; அதற்கு மேலே ஏற ஏணி வரவில்லை. அப்பன் தூக்கிய பால் வாளியையே மகனும் தூக்கினான். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் மூளை ஒன்றுதான், பள்ளிதான் வேறு.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். பிரான்சில் 1945இல் உயர் அதிகாரிகளுக்கென ஒரு கல்லூரி தொடங்கினார்கள். கடுமையான பரீட்சை. தேறியவர்கள் அரசாங்கப் பதவியில் அமர்ந்து, பிறகு பெரிய கம்பெனிகளுக்கும் தலைவரானார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம் நுழைகிறார்கள் என்ற குறை எழுந்து, 2021 முடிவில் அதை மூடிவிட்டார்கள். சுவிட்சர்லாந்திலோ வேறு வழி. அங்கே தொழில் பழகுவதும் மதிப்புள்ள படிப்பு. 15 வயதில் வங்கியில் பழகுநராகச் சேர்ந்த செர்ஜியோ எர்மோட்டி, 2011இல் யு.பி.எஸ். என்ற பெரிய வங்கிக்கே தலைவரானார்.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. 2024இல் மறைந்த ஆனந்த கிருஷ்ணன், பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அடுத்து விக்டோரியா கல்விக்கூடம். கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன் பல்கலைக்கழகம். 1964இல் ஹார்வர்டில் வணிக நிர்வாகப் பட்டம். பிறகுதான் மேக்சிஸ், ஆஸ்ட்ரோ எல்லாம். அவர் பட்டணத்துப் பிள்ளைதான். ஆனால் கவனியுங்கள்: ஒவ்வொரு படியிலும் அடுத்த கதவு திறந்திருந்தது.

நம் பிள்ளைகளுக்குக் கதவு எங்கே? முதல் கதவு, ஆறாம் ஆண்டு முடிந்து படிவம் ஒன்றுக்குப் போகும் இடம். அங்கே பாடமெல்லாம் மலாய் மொழியில். மலாய் போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். "நமக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளை மனசு விட்டுப்போவது இங்கேதான். இரண்டாவது கதவு எஸ்.பி.எம். மலாயிலும் வரலாற்றிலும் தேறாமல் சான்றிதழ் கிடைக்காது. அதைத் தாண்டினால் படிவம் ஆறு, மெட்ரிகுலேசன், போலிடெக்னிக் என்று பல வழிகள் உண்டு.

பெற்றோர்களே, "படிச்சு என்ன ஆகப்போவுது, பக்கத்து பேக்டரிக்குப் போனா சம்பளம் வருமே" என்று சொல்லாதீர்கள். தமிழோடு மலாயையும் முதலாம் ஆண்டிலிருந்தே அழுத்தமாகப் படிக்க வையுங்கள். புகுமுக வகுப்பு தோல்வியல்ல என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். எஸ்.பி.எம். எழுதிய கையோடு, எங்கே, எந்தத் தேதிக்குள் மனுப்போட வேண்டும் என்று ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறி வாங்கும் புத்தகம் முதல் படி. பரிசு கிடைக்காதவர்களே, உங்களுக்கும் அந்தக் கதவுகள்தாம். துரை பங்களாவின் வாசலைக் கூட்டிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நீங்கள். நிர்வாகியாக அந்த வாசலில் நுழையும் நாள் வரட்டும்.