கடை மூடிய பிறகு



ஒரு பாடப் புத்தகம் சாராயக்கடையை மூட முடியுமா? மூடியது. அந்த ஊர் வெகுதூரத்தில் இல்லை. வடக்கே நெல்லூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் தூபகுண்டா.

1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. பகலெல்லாம் வயலில் பாடுபட்ட பெண்கள், இரவில் விளக்கடியில் எழுத்துக் கற்றார்கள். பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக்கடையை மூடிய கதை ஒன்று அவர்கள் பாடத்தில் இருந்தது. பாடம் முடிந்தது. பேச்சு முடியவில்லை. இதை நம் ஊரிலும் செய்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது.

அப்போது சாராயம் சின்னப் பாக்கெட்டுகளில் ஊருக்குள்ளேயே வந்தது. விற்கும் உரிமையை அரசே ஏலம் விட்டது. வாங்கிய கூலி வீடு வந்து சேரவில்லை. 1992-இல் ரோசம்மாவும் மற்றப் பெண்களும் கிளம்பினார்கள். கடை மூடப்பட்டது. செய்தி ஊர் ஊராகப் பரவியது. பெண்கள் சாராய ஏலத்தையே தடுத்தார்கள். 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அக்டோபரில் ஆந்திரா முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது.

ஆனால் 1997-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. கடைகள் திரும்பி வந்தன. ரோசம்மா 2016-இல் காலமானார்.

அப்படியானால் அந்தப் பெண்கள் தோற்றார்களா? இல்லை. அவர்கள் பாதி வேலையை முடித்துக் காட்டினார்கள். மீதிப் பாதி, குடிப்பவரின் உடம்புக்குள் இருக்கிறது.

கூலி தேடித் திருப்பதிக்கும் சென்னைக்கும் போகிற குடும்பங்களைப் பாருங்கள். ஒரே அறை. அதற்கு வாடகை. நாளெல்லாம் மூட்டை தூக்கியவருக்கு உடம்பு வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும். அரை நாள் கூலி போய்விடும். மதுக்கடையோ தெருமுனையில் இருக்கிறது. வலிக்கு மருந்தாகக் குடி தொடங்குகிறது. சிலர் கஞ்சாவுக்குப் போகிறார்கள். சில பிள்ளைகள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்கிறார்கள்.

தினமும் குடித்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு குடிக்காவிட்டால் கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. இது திமிர் அல்ல. நோய்.

பல காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், 2, 3 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே அவரை அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். அவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலக்காதீர்கள். அந்த மருந்தோடு மது சேர்ந்தால் உயிர் போகலாம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பணமில்லாத ஏழைக்கு என்ன வழி? இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். 1980-இல் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை மையம் தொடங்கினார். அங்கிருந்து 1989-இல் தமிழ்நாட்டின் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். ஊருக்குள்ளேயே 15 நாள் சிகிச்சை. மனைவிக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை. ஏழை ஆஸ்பத்திரியைத் தேடி அலையவில்லை. ஆஸ்பத்திரி ஏழையைத் தேடி வந்தது.

சிகிச்சை முடிந்தவர் மறுபடியும் குடிக்கக்கூடும். அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு ஒரே ஒரு முறை மருந்து சாப்பிட்டு நிறுத்துகிறோமா? அதுபோலத்தான் இதுவும். மறுபடியும் அழைத்துப் போங்கள். வீட்டில் இருப்பவர் அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும் என்பது இதற்குப் பொருள் அல்ல. அவரும் அக்கம்பக்கத்தாரின் உதவியைக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள, மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது. அது 14446. பேசக் காசு வேண்டாம். எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று கேட்கலாம்.

தூபகுண்டா பெண்கள் படித்ததைச் செய்து காட்டினார்கள். நீங்களும் எழுதப் படிக்கக் கற்றுவிட்டீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுங்கள். ஐந்து எண்களைப் பெரிதாக எழுதுங்கள். 1, 4, 4, 4, 6. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எழுதிக் கொடுங்கள்.