வறட்சிக்குப் புல்லோடு எந்தத் தழை?
மாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வேலையையும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

நம்ம ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, காற்று வேறு. கினிப்புல் முற்றித் தண்டாகிப் போகும். "கட்டுக் கட்டாகப் புல் போட்டும் பால் இறங்குதே" என்று போகிற லயமெல்லாம் கேட்கிறார்கள். காய்ந்த புல்லில் புரதம் நூற்றுக்கு ஏழுக்குக் கீழே போனால், மாட்டின் இரைப்பையில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி. செரிக்காத புல் வயிற்றிலேயே கிடக்கும், மாடும் தீனியைக் குறைத்துவிடும். அவரை இனத்துத் தழையைக் கலந்து போட்டால் அந்தக் குறை தீரும். கிளிசரியா இலையில் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம் இருக்கிறது.

எதை நடுவது? முதலில் மண்ணைப் பாருங்கள். தேயிலை மண் புளிப்பு மண். இப்பில்-இப்பில் வறட்சியை நன்றாகத் தாங்கும், ஆனால் புளிப்பு மண் அதற்கு ஆகவே ஆகாது. யாராவது விதை கொடுத்தாலும் தேயிலை மலை ஓரத்தில் போட்டு ஏமாற வேண்டாம்.

அடுத்தது புல்லின் உயரம். கோ-3, நேப்பியர் மாதிரி உயரமான புல்லுக்குள் சிறிய செடியைப் போட்டால் நிழலில் செத்துப்போகும். அங்கே வேலியோரம் மரம்தான் சரி. சரிவில் குட்டைப் புல் இருந்தால் ஸ்டைலோ போடலாம். சத்தில்லாத புளிப்பு மண்ணிலும் வரும், வெயிலையும் தாங்கும். ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும், ஒட்ட வெட்டினால் துளிர்க்காது. சிராட்ரோ கொடிக்கு ஆழமான வேர் உண்டு, கினிப்புல்லில் ஏறி வளரும். ஆனால் அடிக்கடி வெட்டுகிற இடத்தில் அது நிலைக்காது. நம்ம பழக்கமே வெட்டிக் கட்டுவதுதானே!

ஆகவே பசறை, பதுளைப் பக்கத்துத் தாழ்ந்த டிவிசன்களுக்கு நாங்கள் சொல்வது கிளிசரியா. கம்பு நட்டால் சீக்கிரம் வளரும், ஆனால் வேர் மேலோடு நிற்கும். விதையில் வந்த கன்றின் வேர் ஆழம் போகும். ஒக்டோபர் மழையில் நடுங்கள், ஒரு வருஷம் கத்தி வைக்காதீர்கள். பிறகு ஏப்ரல் கடைசியில் ஒரு கவ்வாத்து. வெட்டாமல் விட்ட மரம் வறட்சியில் பூத்து இலையைக் கொட்டிவிடும். வெட்டிய மரத்தில் இளம் இலை நிற்கும். இதை மறந்தால் மரம் இருந்தும் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வாசனைக்கு மாடு முதலில் முகத்தைத் திருப்பும். முதல் நாள் வெட்டி வாட வைத்து, புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

ஹப்புத்தளை உயரத்தில் குளிருக்குக் கிளிசரியா மந்தம்தான். அங்கே கலியாண்ட்ரா பார்க்கலாம், புளிப்பு மண்ணையும் தாங்கும். ஆனால் இது நேர் எதிர்: வாட வைத்தால் செரிமானம் குறையும். வெட்டிய உடனே பச்சையாகப் போட வேண்டும்.

இன்னொன்று. இவையெல்லாம் வருஷக்கணக்கில் நிற்கிற மரங்கள். லயத்துக்குப் பக்கத்து வேலியோ, கான் ஓரமோ, நிலம் தோட்டத்துடையது. துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் நடாதீர்கள். வாய்ச்சொல்லை நம்பி நட்டு, துரை மாறினதும் வெட்டச் சொன்னால், இரண்டு வருஷ உழைப்பு போய்விடும். தனித்தனியாகப் போகாமல், மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, எந்த இடம், எத்தனை கன்று என்று குறித்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். கடிதம் எழுத நாங்கள் கூட இருந்து உதவுவோம்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.